டெல்லிக்குப் புதுசா? வெயிலும் குளிரும் உடம்பைப் படுத்தாமல் இருக்க ஒரு வழிகாட்டி

"நாம பாக்காத வெயிலா?" என்று சொல்லிக்கொண்டுதான் வேலூர்க்காரரும் திருச்சிக்காரரும் டெல்லியில் வந்து இறங்குகிறார்கள். யு.பி.எஸ்.சி. படிக்கப் பழைய ராஜேந்தர் நகருக்கு வரும் பிள்ளைகள், மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வருபவர்கள், குர்கானிலோ நொய்டாவிலோ ஐ.டி. வேலைக்குச் சேர்பவர்கள், எல்லோரும் கிளம்புவதற்கு முன்னால் குளிரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம், ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த தடித்த போர்வை) என்ன விலை என்றெல்லாம் கேட்பார்கள், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் நம் ஆட்களை முதலில் படுக்க வைப்பது அந்த வெயில்தான். குளிரிலும் அவர்கள் பயப்படுவது வெளியே அடிக்கும் வாடைக்கு, உடம்பைக் கெடுப்பதோ ராத்திரி முழுக்க அறைக்குள் நிற்கும் குளிர். இந்த இரண்டு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் நடைமுறைதான்.

முதலில், இது ஏன் வேறு வெயில்

நம் உடம்பு உள்ளே 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். சூடு ஏறினால் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பி வெளியே கழிக்கும், வியர்வையை விட்டு அதை ஆவியாக்கிக் குளிர்ந்துகொள்ளும். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் முதல் வழி அடைபட்டுப்போகிறது, அப்புறம் வியர்வை ஒன்றுதான் கதி.

சென்னையில் வியர்த்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், எரிச்சலாக வரும், நாமே நிழல் தேடி உட்கார்ந்து தண்ணீர் கேட்போம். மே மாத டெல்லியில் காற்று அத்தனை காய்ந்து கிடக்கிறது, வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடுகிறது. "இங்கே வேர்க்கவே இல்லையே, நம்ம ஊரே மோசம்" என்று புதிதாக வந்தவர் சொல்வார். மாலையில் அறைக்கு வந்து கருநீலச் சட்டையைக் கழற்றிப் பாருங்கள், பையின் வார் அழுத்திய இடத்தை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். அது உப்பு. பகல் முழுக்கத் தண்ணீரும் உப்பும் போயிருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. கடும் வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இப்படிப் போகலாம்.

இதோடு 'லூ' என்ற அனல் காற்று வேறு. மேற்கே ராஜஸ்தான் பக்கமிருந்து மே, ஜூன் மதியங்களில் அடிக்கும். 2024 மே 29 அன்று டெல்லியின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது, 79 வருடங்களில் அதுதான் உச்சம். அதே நாளில் டெல்லியின் ஓரத்திலிருக்கும் முங்கேஷ்பூரில் 52.9 என்று வந்த எண்ணை இன்றும் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்று வானிலைத் துறையே பிறகு சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் பகல் உச்சத்தைவிட ராத்திரி எண்ணைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அதே வருடம் ஜூனில் ஒரு ராத்திரி 35.2 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பகலெல்லாம் ஓடி ஓடி ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிய இதயத்துக்கு ராத்திரியாவது ஓய்வு வேண்டும், அது கிடைக்காத நாட்களில்தான் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று ஆட்கள் விழ ஆரம்பிக்கிறார்கள்.

அறை பார்க்கும்போதே பாதி வேலையை முடித்துவிடுங்கள்

வாடகை குறைவு என்று மொட்டை மாடி அறையை எடுக்காதீர்கள். இங்கே அதை 'பர்சாத்தி' என்பார்கள், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். காங்கிரீட் கூரை பகல் பூராவும் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதை உங்கள் தலைமேல் இறக்கும். குளிர்காலத்தில் அதே கூரை ஜில்லென்று ஆகிவிடும். நடுமாடி கிடைத்தால் இரண்டு பருவத்துக்கும் நல்லது.

தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். டெல்லி இருப்பது வடக்கே 28 பாகைக்கு மேலே, அதனால் கோடையில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் போய்விடும், தெற்கு ஜன்னல் வழியாக அதிகம் உள்ளே வராது. டிசம்பரில் தெற்கே தாழ்வாகப் போகும், அப்போது அதே ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரைக்கும் வந்து விழும். ஜனவரியில் அந்த வெயிலின் அருமை தெரியும். மேற்குப் பார்த்த அறை என்றால் மே மாத மாலை நாலு மணிக்கு ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடைசியாக மூன்று கேள்வி: கூலர் வைக்க ஜன்னல் இருக்கிறதா, குளிரில் ஹீட்டர் போட வீட்டுக்காரர் விடுவாரா (பி.ஜி. எனப்படும் வாடகை விடுதிகளில் பெரும்பாலும் விட மாட்டார்கள்), குளியலறையில் காற்றுப் போக வழி இருக்கிறதா. மூன்றாவது கேள்வி ஏன் என்று பின்னால் வரும்.

முதல் இரண்டு வாரம்: உடம்புக்கு அவகாசம் கொடுங்கள்

வருகிற தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி கடைசியிலோ அக்டோபரிலோ வாருங்கள். மே, ஜூனில்தான் சேர வேண்டும் என்றால் முதல் இரண்டு வாரம் அடக்கி வாசியுங்கள்.

வெயிலுக்குப் பழகுவது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் இருக்க இருக்க ரத்தத்தின் அளவு கூடும், வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அந்த வியர்வையில் உப்பு குறையும், இதயத்துடிப்பு தணியும். இதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வளர்ந்தவருக்கு இதில் கொஞ்சம் கைமுதல் உண்டு, ஆனால் பெங்களூரில் மூன்று வருடம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருபவர் "நான் மதுரைக்காரன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பழக்கம் விட்டுப்போனால் சில வாரங்களிலேயே உடம்பு அதை மறந்துவிடும். வெயிலில் வேலை செய்யும்போது இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே முதல் வாரம் காலையிலும் மாலையிலும் அரை மணி, முக்கால் மணி நடை போதும். வீடு தேடி அலைவது, கட்டில் பீரோ சுமப்பது, குதுப் மினார் பார்க்கப் போவது எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். அதற்காக நாள் முழுக்க ஏ.சி.யிலேயே அடைந்து கிடந்தால் உடம்பு எதற்கும் பழகாது, அதுவும் சரிவராது.

மே, ஜூனில் அன்றாடம்

வானிலைத் துறை தினமும் நிறம் போட்டு எச்சரிக்கை கொடுக்கிறது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை, 45 டிகிரியைத் தொட்டாலே வெப்ப அலை. ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் பன்னிரண்டு முதல் நாலு மணி வரை வெளி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அலுவலகம் போயே ஆக வேண்டும் என்றால் மெட்ரோ நல்ல துணை, ஆட்டோவில் அந்த அனல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். பைக்கில் போகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு போவதை இங்கே நிறையப் பார்ப்பீர்கள், அதில் காரணம் இருக்கிறது. முழுக்கைப் பருத்திச் சட்டை, தலைக்கு நனைத்துப் பிழிந்த ஒரு துண்டு, இது போதும். கையை வெளியே காட்டினால் காற்றோட்டமாக இருக்கும் என்பது ஊர்க் கணக்கு, 44 டிகிரிக்கு அது பொருந்தாது.

தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு குடிப்பது போதாது, அதற்காக மணிக்கு இரண்டு லிட்டர் என்று விழுங்குவதும் ஆபத்துதான். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் வலிப்பு வரை கொண்டுவிடும். சிறுநீரின் நிறம்தான் நல்ல அளவுகோல். இளமஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்த மஞ்சளாகிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். ஊரில் நீர்க்கடுப்பு என்போமே, அது இங்கே வந்த முதல் கோடையில் பலருக்கும் வரும்.

நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சை சாறு நமக்குத் தெரிந்ததுதான். இங்கத்திக்காரர்கள் மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ பிழிந்து சீரகமும் கறுப்பு உப்பும் சேர்த்து 'ஆம் பன்னா' செய்வார்கள், வில்வப்பழத்தில் சர்பத் போடுவார்கள், இரண்டையும் தயங்காமல் பழகிக்கொள்ளுங்கள். ரோட்டோர ஐஸ் போட்ட கரும்புச்சாறு மட்டும் வேண்டாம், அந்த ஐஸ் எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது, இந்த வெயிலில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஒரே நாளில் ஆள் கவிழ்ந்துவிடுவார்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து எப்போதும் வீட்டில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி என்று உறையில் போட்டிருக்க வேண்டும், பொடியாக இருக்கும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட். அட்டைப்பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு, அவை மருந்தே இல்லை. அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. பாக்கெட் கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அரை டீஸ்பூனைத் தாண்டக்கூடாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு, குளிக்கும் தண்ணீர். மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காய்ந்த கறுப்புத் தொட்டியிலிருந்து மாலையில் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் கொட்டும். விடியற்காலையிலேயே இரண்டு வாளி பிடித்து அறைக்குள் நிழலில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்து வந்து அதில் குளிக்கலாம். ராத்திரி கரண்ட் போனாலும் துண்டை நனைத்துப் போட்டுக்கொள்ள அது உதவும்.

கூலர் வாங்கினால் ஒரு விஷயம். ஜன்னலுக்கு வெளியே வைத்து வெளிக்காற்றை இழுக்க விட வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். ஏ.சி. மாதிரி நினைத்து எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திவிட்டால் அரை மணியில் அறை ஆவிபிடிக்கும் அண்டா ஆகிவிடும். கூலரும் இல்லை, ஏ.சி.யும் இல்லை, மின்விசிறி மட்டும்தான் என்றால் 40 டிகிரிக்கு மேல் அது சூடான காற்றைத்தான் மேலே கொட்டும். உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு விசிறிக்குக் கீழே படுத்தால் பலன் உண்டு, காய்ந்த உடம்போடு படுத்தால் இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரை, பீட்டா பிளாக்கர், சில மனநல மருந்துகள், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள், இவையெல்லாம் வியர்வையையோ இதயத்தின் ஈடுகொடுக்கும் திறனையோ குறைக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தக்கூடாது, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் லூ அடிக்காது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்வார். வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை, தொப்பியையும் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, தலைசுற்றல், குமட்டல், நிறைய வியர்வை, ஆனால் ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் அது வெப்பக் களைப்பு. நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணிக்குள் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் மருத்துவமனை.

பேச்சு குளறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், நடை தள்ளாடுகிறது, வலிப்பு வருகிறது, மயங்கிவிட்டார், தொட்டால் உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு, ஹீட் ஸ்ட்ரோக். உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிட்டது. தோல் வறண்டிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று சொல்வதை நம்பாதீர்கள், வெயிலில் உழைத்துக்கொண்டே விழுபவருக்கு வியர்வை வழிந்துகொண்டும் இருக்கும். அறிவு தடுமாறுகிறதா என்பதுதான் கேள்வி.

ஒருவர் 112-க்கோ, டெல்லி அரசின் ஆம்புலன்ஸ் எண்ணான 102-க்கோ பேசட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் குளிர்விக்க ஆரம்பியுங்கள். கழுத்து வரை குளிர்ந்த தண்ணீரில் இறக்க முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி அட்டையாலோ துண்டாலோ வேகமாக வீசுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இதில் வேலை செய்யாது, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குத்தான் சுமை. முதல் அரை மணியில் வெப்பத்தை இறக்கினால் ஆள் பிழைப்பார், தாமதமானால் சிறுநீரகம், கல்லீரல், தசைகள் என்று வரிசையாகக் கெடும். ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024-ல் இதற்கென்றே தனிப் பிரிவு திறந்தார்கள், பெரிய தொட்டிகளில் ஐஸ் தண்ணீர் நிரப்பி நோயாளியை அப்படியே அதில் இறக்குகிறார்கள். இந்த வைத்தியத்தில் பாதி ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு ஆளும் இருந்தால் தெருவிலேயே செய்யக்கூடியது.

மழை வந்த பிறகு

ஜூலையில் வெப்பம் 36, 37-க்கு இறங்கும், அப்பாடா என்று இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் வியர்வை ஆவியாகாது. இது நமக்குத் தெரிந்த புழுக்கம்தான், சென்னையில் பழகியதெல்லாம் இப்போதுதான் கைகொடுக்கும். கூலரால் இனிப் பிரயோஜனமில்லை, தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வளரும், வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

அக்டோபர் கடைசி முதல்: புகை

குளிர் தொடங்கும்போது தரையை ஒட்டிய காற்று கனத்துப்போய் மேலே எழாமல் நின்றுவிடும். வண்டிப்புகை, தூசி, பஞ்சாப், ஹரியானா பக்கம் வைக்கோல் எரிக்கும் புகை, தீபாவளி வெடி எல்லாம் அதற்குள்ளேயே சுற்றும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் காலை நடை, ஓட்டம், கிரிக்கெட் எதுவும் வேண்டாம். துணி மாஸ்க் இதற்கு உதவாது, என்95 வேண்டும், மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் செப்டம்பரிலேயே வாங்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர், ஜனவரி

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் நூறு வருடங்களுக்கும் முன்னால். டெல்லியில் 2021 புத்தாண்டுக் காலையில் 1.1 டிகிரி. ஆனால் விடியற்கால எண்ணைவிட மோசமானது வெயிலே எட்டிப் பார்க்காத பனிமூட்டப் பகல். 2019 டிசம்பர் 30 அன்று பகல் உச்சமே 9.4 டிகிரிதான். அப்படி நாலு நாள் தொடர்ந்தால் சுவரும் தரையும் குளிர்ந்து, வீட்டுக்குள் நிற்பதைவிட வெளியே நடப்பது சுகமாக இருக்கும்.

காரணம் எளிது. இங்கே வீடுகள் கோடையை நினைத்துக் கட்டப்பட்டவை: மார்பிள் அல்லது மொசைக் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், உயரமான கூரை. குளிர் நாடுகளைப் போல வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஜனவரி பி.ஜி. அறையில் அது 12-க்கும் கீழே போகும். காலையில் எழுந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும், ரஜாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் தலைக்குத் தேய்க்க வரும்.

உடம்பு இதற்கு என்ன செய்கிறது? சூட்டை உள்ளே காப்பாற்றத் தோலில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் கொஞ்சம் கெட்டியாகிறது, இதயம் அதிகம் உழைக்கிறது. குளிர்காலக் காலைகளில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது இதனால்தான். 2015-ல் லான்செட் இதழில் 13 நாடுகளை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வில், தட்பவெப்பத்தால் நேர்ந்த மரணங்களில் வெயிலைவிடக் குளிருக்குத்தான் பல மடங்கு பங்கு இருந்தது, அதிலும் கடுங்குளிர் நாட்களைவிட நிறைய நாள் நீடிக்கிற மிதமான குளிரில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி பனியில் உறைந்து விழுவதில்லை, மெல்ல மெல்ல நடப்பதால் யாரும் குளிரைக் குற்றம் சொல்வதில்லை.

ஆகவே உடுப்பு விஷயத்தில் ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று. மெட்ரோவுக்குள் புழுக்கமாக இருக்கும், மேலே உள்ளதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வியர்த்து நனைந்த உள்சட்டையோடு வெளியே வந்தால் குளிர் இரட்டிப்பாகத் தாக்கும். காதுக்குக் குல்லா, காலுக்குக் கம்பளிக் காலுறை, வீட்டுக்குள்ளும் செருப்பு. வெறுங்காலோடு வீட்டில் நடக்கும் நம் பழக்கத்தை இரண்டு மாதம் ஒத்திவையுங்கள். சாமி அறைக்கு ஒரு பாய் போட்டுக்கொள்ளலாம்.

கால் விரல்கள் சிவந்து ஊதா நிறமாகி வீங்கி, ராத்திரி ரஜாய்க்குள் போனதும் தாங்க முடியாமல் அரிக்கிறதா? சேற்றுப்புண் என்று நினைத்து மருந்து தடவாதீர்கள், இதற்குச் சில்பிளேன் என்று பெயர். குளிர்ந்த விரலைச் சட்டென்று சூடாக்கும்போது சின்ன ரத்தக்குழாய்கள் ஈடுகொடுக்க முடியாமல் அழற்சி வருகிறது. ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டுவது, சுடுதண்ணீரில் முக்குவது இரண்டும் இதை மோசமாக்கும். காலை உலர்வாக வைத்து, காலுறை போட்டு மெதுவாகச் சூடேற விடுங்கள், சில வாரங்களில் சரியாகிவிடும். புண்ணாகிவிட்டாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாகம் எடுக்காது, ஆனால் தண்ணீர் வேண்டும். குளிரில் சிறுநீர் அதிகம் போகும், காற்றும் வறண்டது. பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டால் தானாகக் குடிப்பீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தோல் செதில் செதிலாக உரியும், வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் போதும், அது உறையாது. "ரெண்டு பெக் போட்டால் குளிர் போயிடும்" என்பவர்களிடம் சொல்லுங்கள்: மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. சூடாக இருப்பது போலத் தோன்றும்போதே உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம், அப்புறம் கை வேலை சரியாக ஓடாது, பேச்சு இழுக்கும். நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் விடாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டு மந்தமாக உட்கார்ந்தால் அது தேறிவிட்டார் என்று அர்த்தமல்ல, நிலைமை முற்றிவிட்டது. ஈரத்துணியைக் களைந்து, மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்திச் சூடாக்கி, தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள்.

அறையைச் சூடாக்குவதில் உயிர் போகிறது

டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தித்தாளில் இது வரும்: ராத்திரி அங்கீட்டி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்த குடும்பம் காலையில் எழவில்லை. அங்கீட்டி என்பது கரியடுப்பு. மூடிய அறைக்குள் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலியும் தூக்கமும்தான் அடையாளம், ராத்திரியில் தூங்குகிறவருக்குத் தூக்கம் வருவதை யார் கவனிப்பார்கள்? கரியோ விறகோ எரியும் எதையும், தணல் அணைந்த மாதிரி தெரிந்தாலும், படுக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

குளியலறையில் வைக்கும் கேஸ் கீசரும் இதே ரகம். வீடு பார்க்கும்போது காற்றுப் போக வழி கேட்கச் சொன்னது இதற்குத்தான். அடைத்த குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் வெளியே மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம். மின்சாரக் கீசர் பாதுகாப்பானது. வாளியில் போடும் ராடு மலிவு, ஆனால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

மின்சார ஹீட்டரில் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் விலை அதிகம், காற்றை அதிகம் உலர்த்தாது, தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. சிவப்பாக எரியும் கம்பி ஹீட்டர் என்றால் ரஜாய், திரைச்சீலைக்குப் பக்கத்தில் வேண்டாம், நீட்டிப்புக் கம்பியில் செருக வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டி அறையைச் சூடாக்கிவிட்டு, ரஜாய்க்குள் புகும்போது அணைத்துவிடுவதுதான் நான் பார்த்தவரை நல்ல முறை.

அப்பா அம்மா வந்து தங்கும்போது

பேரப்பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை என்று மே மாதமும், பொங்கலுக்கு ஒன்றாக இருக்கலாம் என்று ஜனவரியும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே மோசமான தேதி. அக்டோபர் முதல் பாதி, இல்லாவிட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கூப்பிடுங்கள். ஜனவரியில் ரயில்கள் பனிமூட்டத்தில் மணிக்கணக்காகத் தாமதமாகும், கம்பளியெல்லாம் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு ஆக்ராவுக்கு முன்னால் நிற்கும் பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதத்தில்தான் வர வேண்டும் என்றால் ஸ்வெட்டரும் சால்வையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

வயதானவர்களுக்குத் தாகமும் நடுக்கமும் மந்தமாகத்தான் வரும். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று அவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கோடையில் கடைசியாக எப்போது சிறுநீர் போனார்கள் என்று கேளுங்கள், குளிரில் சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், வயிறே குளிர்ந்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணி நடைப்பழக்கம் உள்ள அப்பாவை வெயில் வந்த பிறகு, பத்து மணிக்கு மேல் போகச் சொல்லுங்கள், முணுமுணுப்பார், பரவாயில்லை. ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கி, அவர்கள் வந்த மறுநாளிலிருந்தே காலையும் மாலையும் எழுதி வையுங்கள், ஊரில் 130 இருந்தவருக்கு இங்கே குளிரில் 150 காட்டலாம். அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் படமெடுத்து ஊர் மருத்துவருக்கே அனுப்பிவிட்டால், மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்று அவர் சொல்லிவிடுவார்.